வெறும் விம்மா, ஜோடித்த நியோவிம்மா?

கேள்வி: மூன்று வருடமாகப் பைத்தானில் பேக்எண்ட் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் டைப்ஸ்கிரிப்ட்டும் உண்டு. காலேஜிலிருந்தே எடிட்டர் விஎஸ் கோடுதான். எக்ஸ்டென்ஷன் நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆபீஸ் கொடுத்த 8 ஜிபி லேப்டாப் திணறுகிறது. எங்கள் டீமில் ஒரு சீனியர் விம் என்கிற டெர்மினல் எடிட்டரிலேயே, ப்ளக்இன் ஒன்றுகூட இல்லாமல், எல்லா வேலையையும் முடிக்கிறார். இன்னொருவர் விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மைப் பார்த்துப் பார்த்து ஜோடித்து வைத்திருக்கிறார், பார்க்கவே ஆசையாக இருக்கும். நானும் ஒரு ரெடிமேட் நியோவிம் தொகுப்பை இறக்கி, சில வாரம் ராத்திரி ராத்திரியாக அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு திங்கட்கிழமை காலை அப்டேட் கொடுத்ததும் திரை முழுக்க எரர். அன்று பார்த்து ரிலீஸ். அவசரமாக விஎஸ் கோடுக்கே ஓடி வந்துவிட்டேன். சர்வரில் நுழைந்தால் விம்மின் முன்னோடியான விஐ மட்டும்தான் இருக்கிறது, அதிலும் தடுமாறுகிறேன். நான் எந்தப் பக்கம் போவது? பின்குறிப்பு: எங்கள் ஆப்பின் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பை டெர்மினலில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிப்போகிறது, இதற்கு ஏதாவது ப்ளக்இன் உண்டா?
கோவையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். ஆபீஸ் வேலைக்கு விஎஸ் கோடிலேயே இருங்கள், ஆனால் அந்த நாற்பதைப் பத்துக்குக் கீழே இறக்குங்கள். சர்வருக்காக வெறும் விஐயை, ப்ளக்இன் எதுவும் இல்லாமல், கை பழகும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். நியோவிம் ஆசை இன்னும் போகவில்லை என்றால் அதையும் விட வேண்டாம், ஆனால் அடுத்தவர் ஜோடித்ததை இறக்காமல் ஒரே ஒரு கோப்பில், நீங்களே, நிதானமாக ஆரம்பியுங்கள்.

உங்கள் சீனியரையும் அந்த இன்னொருவரையும் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்க்கிறீர்கள். எனக்கென்னவோ இருவரும் ஒரே கட்சி என்றுதான் படுகிறது. ஒருவரிடம் ப்ளக்இன்னே கிடையாது, இன்னொருவரிடம் ஐம்பது இருக்கலாம், ஆனால் தன் எடிட்டரில் எது ஏன் இருக்கிறது, உடைந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் திங்கட்கிழமை உங்களிடம் இல்லாமல் போனது அதுதான். நீங்கள் இறக்கிய தொகுப்பில் யாரோ சிலர் தங்கள் கைக்கு ஏற்றபடி எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகள் இருந்தன, அதில் ஒன்றைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. வாடகை வீட்டு வயரிங் மாதிரி, ஃபியூஸ் போகிற வரைக்கும் எந்த சுவிட்ச் எந்த லைன் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆகவே கம்மியா, ஜாஸ்தியா என்கிற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த வரி எந்த எரிச்சலுக்காக உள்ளே வந்தது என்று உங்கள் கான்ஃபிக்கில், அதாவது எடிட்டரின் அமைப்புக் கோப்பில், ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ஐந்நூறு வரியும் சுமையில்லை. முடியாவிட்டால் இருபதே அதிகம்.

வெறும் விம்தான் சுத்தம், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் இருப்பார்கள், அவர்கள் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 'வெறும்' விஐயே ஒருவருடைய மேஜைக்காக அமைந்ததுதான். 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்கிற டெர்மினல். அதன் கீபோர்டில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது, எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள், அதனால்தான் இன்றைக்கும் விம்மில் நகர்வது அந்த நான்கு எழுத்தில். எஸ்கேப் விசை இப்போது டேப் இருக்கிற இடத்தில், சுண்டுவிரலை லேசாக நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. நம் கீபோர்டில் அது மேல் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றினால் அது கஸ்டமைசேஷன், சுத்தம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், ஜாய்க்கு இருந்த வசதியைத்தான் திரும்ப வாங்குகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இதே மாதிரி, எளிமைக்கு உதாரணமாக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைக் காட்டுவார்கள், அவர் பயன்படுத்துவது மைக்ரோஈமாக்ஸ் என்கிற பழைய, சின்னஞ்சிறு எடிட்டர். உண்மைதான், ஆனால் அதன் மூலநிரலையே தனக்கு வேண்டியபடி திருத்தி, தானே பராமரித்து வைத்திருக்கிறார். இதைவிடப் பெரிய கஸ்டமைசேஷன் என்ன இருக்கிறது, நாமெல்லாம் கலர் தீம் மாற்றுகிறோம், அவர் சி நிரலை மாற்றுகிறார். மறுபக்கம் ராப் பைக் எழுதிய ஆக்மியைப் பாருங்கள், பிளான் 9 என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் காலத்து எடிட்டர், கோடுக்கு நிறம் கிடையாது, கான்ஃபிக் கோப்பு கூடக் கிடையாது, ஆனால் திரையில் எங்கேயாவது ஒரு ஷெல் கட்டளையை எழுதி மவுஸின் நடு பட்டனால் தட்டினால் ஓடும். வேண்டிய வசதியை எடிட்டருக்குள் வைக்காமல் சுற்றியிருக்கிற சிஸ்டத்தில் வைத்தார், அவ்வளவுதான். ஆக, எளிமை என்கிற எடிட்டர்களுக்குப் பின்னாலும் யாரோ உட்கார்ந்து நிறைய முடிவெடுத்திருக்கிறார்கள்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எடிட்டர் மாற்ற ஆசைப்படுகிற பலர் உண்மையில் மாற்ற விரும்புவது அந்தத் திணறலைத்தான். விஎஸ் கோடு எலக்ட்ரானில் ஓடுவது, அதாவது உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரே உட்கார்ந்திருக்கிறது, மெமரி தின்னும், இதில் விவாதமே இல்லை. ஆனால் நியோவிம்முக்குப் போனால் எல்லாம் பறக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2016-ல் மைக்ரோசாஃப்ட் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகாலை, சுருக்கமாக எல்எஸ்பியை, வெளியிட்டது. அதற்கு முன்னால் பத்து எடிட்டர், இருபது மொழி இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் யாராவது தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும், இருநூறு வேலை. இப்போது மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு கிளையன்ட், முப்பதில் முடிந்துவிடும். நியோவிம் 2021-ல் வந்த 0.5 பதிப்பிலிருந்து அந்தக் கிளையன்ட்டை உள்ளேயே வைத்திருக்கிறது, ஈமாக்ஸ் எடிட்டர் 2023-ல் 29-ஆம் பதிப்போடு எக்லாட் என்கிற கிளையன்ட்டைச் சேர்த்துக்கொண்டது. இதனால் என்ன ஆயிற்று என்றால், உங்கள் கோடைப் படித்துப் பிழை காட்டுவதும், டெஃபினிஷனுக்குத் தாவுவதும், பெயர் மாற்றுவதும் எடிட்டருக்கு வெளியே ஒரு தனி புராசஸின் வேலையாகிவிட்டது. உங்கள் ரெப்போ, அதாவது கோடு களஞ்சியம், பெரிதாக இருந்தால் எடிட்டரைவிட அந்த புராசஸே அதிகம் தின்னும். எந்த எடிட்டரில் உட்கார்ந்தாலும் பைத்தானுக்கு பைரைட் என்கிற லாங்வேஜ் சர்வரோ அதன் உறவுக்காரர்களில் ஒன்றோ ஓடத்தான் போகிறது, டைப்ஸ்கிரிப்ட்டுக்கும் அப்படியே.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், விஎஸ் கோடில் பைத்தானுக்கு நீங்கள் அனுபவிக்கிற பைலான்ஸ் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கு, அதன் லைசென்ஸ்படி அவர்கள் எடிட்டரில்தான் ஓட்டலாம். வெளியே வந்தால் அதன் அடியில் இருக்கிற ஓப்பன் சோர்ஸ் பைரைட் கிடைக்கும், அது நல்ல சாமான்தான், ஆனால் பைலான்ஸ் மேலே சேர்த்த சில வசதிகள் இருக்காது. உங்கள் சீனியர் இதெல்லாம் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார் என்றால், பெரும்பாலும் அந்த ரெப்போ முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது, மிச்சத்துக்கு க்ரெப் என்கிற தேடல் கட்டளை போதும். மூன்று வருட அனுபவத்தில், வாரத்துக்கு ஒரு புது மாட்யூலைத் திறந்து படிக்கிற நிலையில், நீங்கள் அவரைக் காப்பியடிக்க வேண்டாம். பிழையைச் சிவப்பில் காட்டுகிற சர்வர் இப்போது உங்களுக்கு வாத்தியார் மாதிரி, அதை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள்?

எது தின்கிறது என்று ஊகிக்காமல் பார்த்துவிடுங்கள். விஎஸ் கோடின் ஹெல்ப் மெனுவில் புராசஸ் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது, அதைத் திறந்தால் ஒவ்வொரு புராசஸும் எத்தனை எம்பி பிடித்திருக்கிறது என்று தெரியும். கமாண்ட் பேலட்டில் ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று அடித்தால் ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸ்டென்ஷன்களும், ஒவ்வொன்றும் எழுந்து நிற்க எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்பதும் வரும். இதைப் பார்த்தாலே பாதி எக்ஸ்டென்ஷனை நீங்களே எடுத்துவிடுவீர்கள், ஏனென்றால் அதில் சிலவற்றின் பெயரே உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சிலவற்றின் வேலையை எடிட்டரே எப்போதோ எடுத்துக்கொண்டிருக்கும். பிராக்கெட் ஜோடிக்கு நிறம் கொடுக்கிற எக்ஸ்டென்ஷனை இன்னும் வைத்திருக்கிறீர்களா? 2021-லேயே அது விஎஸ் கோடுக்குள் வந்துவிட்டது, வேகமும் அதிகம், அந்தப் பிரபலமான எக்ஸ்டென்ஷனை எழுதியவரே இனி இது வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். செட்டிங்ஸை இன்னொரு மெஷினுக்குக் கொண்டுபோவதற்கும் தனி எக்ஸ்டென்ஷன் தேவையில்லை.

ஏதோ ஒன்று தொல்லை கொடுக்கிறது, எதுவென்று தெரியவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒரு வசதி உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. பாதியை அணைத்துவிட்டு, இப்போதும் பிரச்சினை இருக்கிறதா என்று கேட்கும், நீங்கள் சொல்கிற பதிலை வைத்து மிச்சத்தை மறுபடி பாதியாக்கும். நாற்பது எக்ஸ்டென்ஷன் என்றாலும் ஆறே கேள்வியில் குற்றவாளி கிடைத்துவிடுவான். கிட்டில் பைசெக்ட் செய்திருந்தால் அதே சங்கதிதான். அப்புறம் வாட்ச்சர் எக்ஸ்க்ளூட் செட்டிங்கில் உங்கள் பில்ட் ஃபோல்டர், டேட்டா ஃபோல்டர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள், லட்சம் சிஎஸ்வியை எடிட்டர் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பைத்தானுக்கு ஒரு புரொஃபைல், டைப்ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு புரொஃபைல் என்று பிரித்தால் ஒன்றின் எக்ஸ்டென்ஷன் இன்னொன்றில் எழுந்திருக்காது. மினிமேப், சைட்பார், ஆக்டிவிட்டி பார் எல்லாவற்றையும் அணைத்து ஜென் மோடில் வைத்தால் உங்கள் சீனியரின் திரையைவிடச் சுத்தமாகவே இருக்கும், கண்ணுக்கு எளிமை வேண்டும் என்பதற்காக எடிட்டர் மாற்ற வேண்டியதில்லை.

குறைக்கச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன் உங்கள் யூசருக்கு இருக்கிற எல்லா அதிகாரத்தோடும் ஓடுகிறது. நீங்கள் படிக்க முடிகிற கோப்பை எல்லாம் அதுவும் படிக்கலாம், எஸ்எஸ்எச் கீ, என்வ் கோப்பு, கிளவுட் பாஸ்வேர்டு உட்பட. மார்க்கெட்பிளேஸில் நல்ல எக்ஸ்டென்ஷன் வேஷத்தில் திருட்டுச் சரக்கு நுழைவதும், கண்டுபிடித்துத் தூக்குவதும் பலமுறை நடந்திருக்கிறது. 2021-ல் வந்த வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் இதற்குக் காவல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நீங்கள் திறக்கிற ஃபோல்டரில் இருக்கிற கோடு தானாக ஓடாமல் பார்த்துக்கொள்ளும், நீங்களே கதவைத் திறந்து உட்காரவைத்த எக்ஸ்டென்ஷனை அது ஒன்றும் செய்யாது. நியோவிம் ப்ளக்இன்னுக்கும் இதே கதைதான், அங்கேயும் வேலி கிடையாது.

இப்போது சர்வர். நீங்கள் தடுமாறுவது திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், 2017-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விம்மைவிட்டு எப்படி வெளியே வருவது என்கிற கேள்வி பத்து லட்சம் பார்வையைத் தாண்டியதை அவர்களே கொண்டாடினார்கள். ஆனால் உங்கள் தடுமாற்றத்தில் ஒரு பாதிக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். டெபியன், உபுண்டு மெஷின்கள் பலவற்றில் விஐ என்று அடித்தால் திறப்பது முழு விம் கிடையாது, விம் டைனி என்கிற குட்டி வடிவம், அது பழைய விஐ பழக்கத்தில் நடந்துகொள்ளும். எழுத்து அடிக்கிற இன்செர்ட் மோடில் மேல் அம்பை அழுத்துங்கள், கர்சர் மேலே போகாது, புது வரி ஒன்று திறந்து அதில் ஏ என்று ஒரு எழுத்து விழும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணம் எளிது. மேல் அம்பு டெர்மினலிலிருந்து அனுப்புவது எஸ்கேப், ஓ, ஏ என்று மூன்று எழுத்து. அந்தப் பழைய மோடில் எடிட்டர் அதை மூன்று தனி விசையாகவே எடுத்துக்கொள்கிறது: எஸ்கேப் என்றால் இன்செர்ட்டை விட்டு வெளியே வா, பெரிய ஓ என்றால் மேலே ஒரு புது வரி திற, அப்புறம் வருகிற ஏ அந்த வரியில் எழுத்தாக உட்கார்ந்துகொள்கிறது. எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரின் கான்ஃபிக்கில் இப்படி நாலு ஏ, ரெண்டு பி விழுந்து, கவனிக்காமல் சேவ் செய்து, ரீலோட் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோலன் அடித்து செட் நோகம்பாட்டிபிள் என்று கொடுத்தால் அம்புகள் ஒழுங்காகிவிடும். அதைவிட நல்லது, இன்செர்ட் மோடில் அம்பையே தொடாமல் இருக்கப் பழகுவது.

இதற்காக வால்பேப்பர் சைஸில் சீட் ஷீட் எல்லாம் வாங்க வேண்டாம். எஸ்கேப், எழுத ஆரம்பிக்க ஐ, தேடுவதற்கு ஸ்லாஷ், அடுத்ததுக்கு என், வரியை அழிக்க இரண்டு டி, காப்பி எடுக்க இரண்டு ஒய், ஒட்ட பி, செய்ததை ரத்து செய்ய யூ, சேவ் செய்யக் கோலனோடு டபிள்யூ, வெளியே வரக் கோலனோடு கியூ, எல்லாம் சொதப்பிவிட்டால் சேவ் செய்யாமல் வெளியேற அந்தக் கியூவுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி. சர்வர் வேலையில் தொண்ணூறு சதவீதம் இதற்குள் முடிந்துவிடும். உங்கள் மெஷினில் முழு விம்மைப் போட்டு விம்டியூட்டர் என்று அடியுங்கள், அரை மணி நேரப் பாடம், அதை ஒரு வாரத்தில் நாலைந்து தரம் செய்தால் கை தானாக ஓடும். கான்ஃபிக் எதுவும் வைக்காமல் செய்யுங்கள், உங்கள் செல்ல ஷார்ட்கட்டுகள் அடுத்தவர் சர்வரில் இருக்கப்போவதில்லை. வேலை செய்யும்போதே பழக வேண்டும் என்றால் விஎஸ் கோடுக்கு விம் விசைகளைக் கொண்டுவருகிற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, மிச்சம் வைக்கிற பத்தில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கோப்பைத் திறந்ததும் ஈ325 என்று ஆரம்பித்து, அட்டென்ஷன் என்று ஒரு நீளமான எச்சரிக்கை வரும். புதிதாக வருகிறவர்கள் பயந்து எதையாவது அழுத்தி உள்ளே போய்விடுவார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கோப்புக்கு ஒரு ஸ்வாப் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஒன்று வேறு யாரோ இதே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது போன தடவை கனெக்‌ஷன் அறுந்துபோய் சேவ் ஆகாத வேலை அதில் கிடக்கிறது. அந்த எச்சரிக்கையிலேயே யார் திறந்தது, எந்த மெஷினில், அந்த புராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் எழுதியிருக்கும், படியுங்கள். உயிரோடு இருந்தால் வெளியே வந்து டீமில் கேளுங்கள். செத்துவிட்டிருந்தால் ரெக்கவர் கொடுத்து, மீண்டதைச் சரிபார்த்து சேவ் செய்துவிட்டு, அப்புறம் ஸ்வாப்பை அழியுங்கள்.

ரூட் கோப்புகளைத் திருத்தும்போது சூடோ போட்டு எடிட்டரைத் திறக்காமல் சூடோஎடிட் பயன்படுத்துங்கள். அது கோப்பின் தற்காலிகப் பிரதி ஒன்றை எடுத்து, எடிட்டர் என்கிற சூழல் மாறியில் நீங்கள் வைத்திருக்கிற எடிட்டரில், உங்கள் சொந்த யூசராகத் திறந்து, முடித்ததும் திரும்பப் போய் வைத்துவிடும். எடிட்டரோ அதன் ப்ளக்இன்களோ ரூட்டாக ஓடவே ஓடாது. இன்னும் ஒரு விஷயம், நானோ என்கிற எளிய எடிட்டர் இருந்தால் அதையே திறங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, விசைகள் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். டாக்கரின் ஸ்லிம் இமேஜுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் விஐயும் இருக்காது, நானோவும் இருக்காது, நல்லதுதான், கன்டெய்னருக்குள் உட்கார்ந்து கோப்பைத் திருத்துகிறவர் எந்த எடிட்டரில் திருத்தினாலும் தப்புதான் செய்கிறார்.

நியோவிம் ஆசைக்கு வருகிறேன். ஆசையாக இருக்கிறது என்பதே போதுமான காரணம், உற்பத்தித்திறன் அது இது என்று நியாயம் கற்பிக்கத் தேவையில்லை, ஆனால் அது பொழுதுபோக்கு என்று தெரிந்து செய்யுங்கள், ரிலீஸ் வாரத்தில் வேண்டாம். ரெடிமேட் தொகுப்புக்குப் பதிலாக கிக்ஸ்டார்ட் என்கிற ஆரம்பக் கோப்பை எடுங்கள். அது தொகுப்பு இல்லை, லுவா மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு, வரிக்கு வரி என்ன செய்கிறது, ஏன் என்று கமென்ட் எழுதியிருக்கும், படிப்பதற்காகவே எழுதியது. மேலிருந்து கீழே படியுங்கள், புரியாத பகுதியை நீக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள், இல்லாமல் கஷ்டமாக இருந்தால் திரும்பப் போடுங்கள். புதிதாக எதைச் சேர்ப்பதற்கும் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு, வேலை நடுவில் எரிச்சல் வந்தால் அதில் ஒரு வரி, அதே எரிச்சல் மூன்றாவது தரம் வந்தால்தான் கான்ஃபிக்கைத் திறக்கலாம். யூடியூபில் யாரோ வைத்திருப்பதைப் பார்த்து வந்த ஆசை அந்தச் சீட்டில் இடம் பிடிக்காது.

ப்ளக்இன் போடுவதற்கு முன்னால் எடிட்டரிலேயே அது வந்துவிட்டதா என்று பார்க்கிற பழக்கம் இங்கேயும் வேண்டும். வரிகளை கமென்ட் ஆக்குவதற்கு ஒரு காலத்தில் கட்டாயம் ஒரு ப்ளக்இன் வேண்டும், 2024-ல் வந்த 0.10-லிருந்து அது உள்ளேயே இருக்கிறது. லாங்வேஜ் சர்வர் இணைப்பதும் 2025-ல் வந்த 0.11-க்குப் பிறகு சில வரியில் முடிகிறது. போடுகிற ஒவ்வொரு ப்ளக்இன்னும் முகம் தெரியாத ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை உழைப்பு, அவருக்குக் கல்யாணம் ஆகலாம், வேலை மாறலாம், அலுத்துப்போகலாம். நியோவிம் உலகமே பேக்கர் என்கிற ப்ளக்இன் மேனேஜரில் ஓடிய காலம் ஒன்று உண்டு, 2023-ல் அது பராமரிப்பில் இல்லை என்று அறிவிப்பு வந்தது. ஃபார்மேட்டர்களை இணைக்க எல்லோரும் வைத்திருந்த நல்-எல்எஸ்ஸும் அதே வருடம் மூடப்பட்டது. அதன் ஆசிரியர்கள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை, இலவசமாகக் கொடுத்தார்கள், போதும் என்று நிறுத்தினார்கள். கம்பெனி பின்னால் இருந்தாலும் இதே கதிதான், கிட்ஹப் வளர்த்த ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் மூடுவிழா கண்டது, இத்தனைக்கும் எலக்ட்ரானே அதற்காகப் பிறந்ததுதான். இப்படி ஏதாவது போகும்போது, பத்து ப்ளக்இன் வைத்திருப்பவர் ஒரு சாயங்காலத்தில் மாற்று தேடிவிடுவார். எண்பது வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார், ஈமாக்ஸ்காரர்கள் இதை திவால் என்றே அழைக்கிறார்கள், பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திவாலாகியிருக்கிறார்கள்.

உங்கள் திங்கட்கிழமை மறுபடி வராமலிருக்க: இப்போது பரவலாக இருக்கிற லேஸி என்கிற ப்ளக்இன் மேனேஜர் ஒவ்வொரு ப்ளக்இன்னும் எந்த கமிட்டில் இருக்கிறது என்று ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். கான்ஃபிக்கோடு சேர்த்து அதையும் கிட்டில் போடுங்கள். அப்டேட் உடைத்துவிட்டால் பழைய லாக் கோப்பை எடுத்து ரெஸ்டோர் கொடுத்தால் நேற்று இருந்த நிலைக்கே திரும்பிவிடலாம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அப்டேட்டை வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகு கொடுங்கள். ஏதாவது விநோதமாக நடந்தால் முதலில் க்ளீன் ஆப்ஷனோடு வெறும் நியோவிம்மைத் திறந்து பாருங்கள், அங்கேயும் அதே கோளாறு என்றால் உங்கள் கான்ஃபிக் நிரபராதி. இன்னொருவருடைய தொகுப்பை வேடிக்கை பார்க்க ஆசை வந்தால் 0.9-லிருந்து ஒரு வசதி இருக்கிறது, சூழல் மாறியில் வேறு ஒரு ஆப் பெயரைக் கொடுத்துத் திறந்தால் அது தனி ஃபோல்டரில் தனியாக ஓடும், உங்களுடையதைத் தொடாது.

ஹீலிக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஆசையும் உங்கள் பொறுமையும் சந்திக்கிற இடம் அதுவாக இருக்கலாம். ரஸ்ட்டில் எழுதிய டெர்மினல் எடிட்டர், எல்எஸ்பியும், கோடின் அமைப்பைப் பகுத்துப் பார்க்கிற ட்ரீ-சிட்டரும் உள்ளேயே இருக்கின்றன, ப்ளக்இன் அமைப்பு இல்லை, கான்ஃபிக் பத்து வரி தாண்டுவது கஷ்டம். விம்மில் முதலில் அழி என்று சொல்லிவிட்டு அப்புறம் எதை என்று சொல்ல வேண்டும், ஹீலிக்ஸில் முதலில் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் அழி, வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழ் வாய்க்கு இதுதான் பொருத்தம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரே சிக்கல், இதில் கை பழகினால் சர்வரில் விஐ திறக்கும்போது விரல் தப்பான இடத்துக்குப் போகும். உங்களுக்கு இப்போது அவசரத் தேவை சர்வர் என்பதால் முதலில் விஐ, ஆறு மாதம் கழித்து இதைப் பார்க்கலாம்.

கடைசியாகப் பின்குறிப்பு. தமிழ்க் கோப்பு டெர்மினலில் சிதறுவதற்கு ப்ளக்இன் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டெர்மினல் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது. 'கொ' என்பதில் ககரம் ஒரு குறியீடு, ஒகரக் குறி ஒரு குறியீடு, ஆனால் அந்தக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் வந்து நிற்கிறது. மொத்தம் எத்தனை கட்டம்? எடிட்டர் ஒரு கணக்குப் போடும், டெர்மினல் வேறு கணக்குப் போடும், கர்சர் ஓரிடத்தில் தெரியும், அடித்தது வேறிடத்தில் விழும். இதை எடிட்டர் பக்கத்திலிருந்து மட்டும் சரிசெய்ய முடியாது. அந்தக் கோப்புகளை விஎஸ் கோடிலோ, கேட் என்கிற எடிட்டரிலோ, தனி விண்டோவில் ஓடுகிற ஈமாக்ஸிலோ திறங்கள், ஈமாக்ஸ் 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்கிற லைப்ரரியைக் கொண்டு எழுத்தைக் கோக்கிறது, தமிழ் நன்றாகவே வரும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தொல்லை ஒன்று உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்க வாய்ப்பு உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இருவர் இரண்டு விதமாக அடித்திருந்தால், 'கொடு' என்று தேடும்போது பாதி இடம் அகப்படாமல் போகும், டிஃபில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வரி மாறியதாகக் காட்டும். நீங்கள் பைத்தான்காரர், இதற்கு ஐந்து வரி போதும்: யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை என்எஃப்சி என்று கொடுத்து எல்லாச் சரத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், ஜேசனாகத் திரும்ப எழுதும்போது என்ஷ்யூர் ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லையென்றால் தமிழெல்லாம் பேக்ஸ்லாஷ் யு-வாக மாறிவிடும். அந்த ஸ்கிரிப்ட்டை, கமிட் ஆவதற்கு முன்னால் தானாக ஓடுகிற ப்ரீ-கமிட் ஹுக்கில் போட்டுவிட்டால், யார் எந்த எடிட்டரில் அடித்தாலும் ரெப்போவுக்குள் போவது ஒரே வடிவமாக இருக்கும்.